கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது?

என் தொழிலில் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை கேமரா என்பதல்ல. எவ்வளவு செலவாகும் என்பதும் அல்ல. "போன்ல பாக்கலாமுங்களா?" என்பதுதான். மில் முதலாளி கேட்டாலும், நகை அடகுக்கடைக்காரர் கேட்டாலும், துபாயில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர் வாட்ஸ்அப்பில் கேட்டாலும் இதே கேள்விதான். பார்க்கலாம் என்று சொன்னதும் ஒரு நிம்மதி வரும். அதற்குப் பிறகு கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. வேறு யாரெல்லாம் பார்க்கலாம்? இந்த 14 வருடங்களில் அதைத் தானாகக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இணையம் வழியாகத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் அமைப்புகளை வடிவமைப்பது என் வேலை. கேமரா விற்பது அல்ல, ஏணி வைத்து மாட்டுவதும் அல்ல. எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் கேமரா இருக்கவேண்டும், படம் எங்கே சேமிக்கப்படவேண்டும், எத்தனை நாள் இருக்கவேண்டும், எந்த வழியாக வெளியே போகவேண்டும், யாருடைய கைப்பேசியில் திறக்கவேண்டும் என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது. கேட்க வெறும் பொறியியல் போலத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒவ்வொரு முடிவிலும் ஒருவர் பார்ப்பவராகவும் இன்னொருவர் பார்க்கப்படுபவராகவும் ஆகிறார். நம் ஊரில் இந்த இரண்டில் பெண் எந்தப் பக்கம் நிற்பாள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்தத் துறையின் தொடக்கத்தில் ஒரு பெண் இருந்தார் என்பதை என் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. மேரி வான் பிரிட்டன் பிரவுன். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினச் செவிலியர். அவருக்கும் கணவருக்கும் வேலை நேரம் ஒத்துப்போகாது. வீட்டில் தனியாக இருக்கும் நேரம் அதிகம். கூப்பிட்டால் போலீஸ் சீக்கிரம் வராத பகுதி அது. அதனால் அவரே ஓர் ஏற்பாட்டை யோசித்தார். கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள். அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் நகரும் ஒரு கேமரா. படுக்கையறையில் ஒரு டிவித் திரை. வாசலில் நிற்பவரோடு பேச மைக். கதவைத் தூரத்திலிருந்தே திறக்க ஒரு பொத்தான். ஆபத்து என்றால் உதவிக்கு அழைக்க இன்னொரு பொத்தான். கணவர் ஆல்பர்ட் பிரவுனோடு சேர்ந்து 1966இல் விண்ணப்பித்தார். 1969 டிசம்பர் 2 அன்று காப்புரிமை கிடைத்தது.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது கேமராவின் திசை. உள்ளே இருக்கும் பெண் வெளியே நிற்பவரைப் பார்க்கிறாள். திரை அவள் கையில். பொத்தான் அவள் கையில். கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவும் அவளுடையது. இன்று என்னிடம் வரும் கோரிக்கைகளில் பாதிக்கு மேல் இதற்கு நேர்மாறானவை. வெளியே இருக்கும் ஆண், உள்ளே இருக்கும் பெண்ணைப் பார்க்க வேண்டும். கருவி அதேதான். திருப்பி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் இசிஇ படித்தேன். முதல் வேலையில் என்னைக் கொட்டேஷன் அடிக்க உட்கார வைத்தார்கள். இடத்தைப் பார்க்காமல் எப்படி வரைவது என்று கேட்டு, அடம்பிடித்துத்தான் சைட்டுக்குப் போகத் தொடங்கினேன். "அம்மணி, நீங்க பில்லை அனுப்பிச்சு வுட்டாப் போதுமுங்க, எடத்தைப் பாக்க யாராச்சும் பையனை அனுப்புங்க" என்று சொன்னவர்கள் உண்டு. டேப்பைப் பிடித்து அளந்து, லென்ஸ் கோணத்தைக் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகும், பக்கத்தில் நிற்கும் ஹெல்ப்பர் பையனைப் பார்த்துச் சந்தேகம் கேட்டவர்களும் உண்டு. ஆனால் பெண்ணாக இருந்ததால் எனக்கு ஒரு கதவு திறந்தது. சமையலறையிலும் விடுதியிலும் தையல் லைனிலும் இருக்கும் பெண்கள் என்னோடு பேசினார்கள். ஆண் டெக்னீஷியனிடம் அவர்கள் சொல்லாததை என்னிடம் சொன்னார்கள்.

ஒவ்வொரு கேமராவுக்கும் நான் ஒரு வரி எழுதுவேன். இது எதற்காக? இந்தக் கேள்விக்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. சர்வதேச அளவில் பின்பற்றப்படும் ஒரு கணக்குப்படி, ஓர் இடத்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று தெரிய மீட்டருக்கு 25 பிக்சல் போதும். ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று அறிய 125 வேண்டும். முன்பின் தெரியாதவரின் முகத்தைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்ட 250 வேண்டும். சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். அதை வைத்து 76 மீட்டர் அகல வேலியோரம் ஆள் வருகிறதா என்று பார்க்கலாம். அல்லது ஏழரை மீட்டர் அகல வாசலில் வருகிறவரின் முகத்தைப் பதிவு செய்யலாம். இரண்டையும் ஒரே கேமராவில் செய்ய முடியாது. அதனால்தான் எதற்கு என்று கேட்காமல் மாட்டப்படும் கேமரா பெரும்பாலும் எதற்கும் உதவாது. திருடன் வந்தால் மங்கலான உருவம்தான் கிடைக்கும். அதே கேமராவைக் குறுகலான தாழ்வாரத்தில் மாட்டினால், 2 மீட்டர் தூரத்தில் நடந்துபோகும் பெண்ணின் மேல் மீட்டருக்கு 500 பிக்சலுக்கு மேல் விழும். திருடனுக்குக் கிடைக்காத துல்லியம் அவளுக்குக் கிடைத்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நூற்பாலைக்கு அமைப்பு வடிவமைக்க அழைத்தார்கள். வளாகத்துக்குள்ளேயே பெண் தொழிலாளர் விடுதி. தேனி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண்களும் ஒடிசா, ஜார்கண்ட் பெண்களும் தங்கியிருந்தார்கள். முதலாளி கொடுத்த பட்டியலில் 42 கேமராக்கள். குடோன், கேட், மெஷின் ஹால் எல்லாம் போக, விடுதிக்குள் மட்டும் ஆறு. அவற்றில் ஒன்று குளியலறைகளுக்குப் போகும் நடையைப் பார்த்து. இன்னொன்று மைக்கோடு, சாப்பாட்டுக் கூடத்தில். எல்லாமே அவர், அவர் மகன், மேனேஜர், விடுதிப் பொறுப்பாளர் என்று நான்கு பேரின் போனிலும் ஒரே பாஸ்வேர்டில் தெரிய வேண்டும்.

"பொம்பளைப் புள்ளைங்க பாதுகாப்புக்குத்தானுங்க மேடம்" என்றார்.

கணக்கை முதலில் காட்டினேன். கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் என்றால், 42 கேமராவுக்கு ஒரு நாளைக்கு 907 ஜிபி. 30 நாள் வைத்திருக்க 27 டெராபைட் ஹார்ட் டிஸ்க். தேவையில்லாத ஒவ்வொரு கேமராவுக்கும் ஒவ்வொரு மாதமும் இடம் கொடுக்க வேண்டும். பணக்கணக்கு என்றால் காது கொடுப்பார்கள் என்பது அனுபவம். அதன் பிறகு, "யாருடைய பாதுகாப்புக்கோ அவங்ககிட்டப் பேசணும், அப்பத்தான் எடம் குறிக்க முடியும்" என்றேன். தயங்கினார். வார்டன் அக்கா கூட இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

விடுதியில் 20 பேர் போல உட்கார்ந்தார்கள். உங்களுக்கு எங்கே பயம் என்று கேட்டேன். ஒருவர்கூட விடுதிக்குள் என்று சொல்லவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து விடுதிக்கு வரும் பாதை. அதில் பாதி தூரம் விளக்கு இல்லை. பஞ்சு லாரிகள் நிற்கும் இடம். சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டுப் பேசும் கண்ணாடியில்லாத அறை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கூட்டிப்போகும் வேன். முதலாளியின் பட்டியலில் இந்த நான்கு இடங்களில் ஒன்றுகூட இல்லை.

குளியலறை நடையைப் பற்றிக் கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் சொன்னாள். "குளிச்சிட்டு ஈரத்தோட துண்டைச் சுத்திக்கிட்டு ஓடி வர்ற எடம்க்கா அது. உள்பாவாடை காயப்போடுறதும் அங்கதான். கேமரா வந்தா நாங்க ஈரத்துணியோடயே சுடிதார் மாட்டிக்கிட்டு வரணும்." இன்னொருத்தி குறுக்கிட்டாள். "அந்தக் கேமரா எங்களைப் பாக்கும்க்கா. எங்களுக்காகப் பாக்காது."

நான் படித்த எந்தக் கையேட்டிலும் இதைவிடத் தெளிவான வடிவமைப்பு விதி இல்லை.

வீடுகளில் இது இன்னும் நெருக்கமாக நடக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவன், ஊரில் தனியாக இருக்கும் மனைவியின் பாதுகாப்புக்கு என்று கேமரா கேட்கிறான். வாசலுக்கு ஒன்று என்றால் புரிகிறது. கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, அதில் ஸ்பீக்கரும் வேண்டும். அவள் வீட்டுக்கு அக்காவோ தோழியோ வந்து பத்து நிமிடத்தில் சுவரிலிருந்து குரல் கேட்கும்: "யாரு வந்திருக்கா?" அப்படி ஒரு வீட்டில், ஏற்கெனவே வேறு யாரோ மாட்டிவிட்டுப் போன அமைப்பைச் சரிபார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண் மெல்லக் கேட்டாள். "ராத்திரி அதுல செவப்பா ஒரு வெளிச்சம் எரியுதே, அது எரிஞ்சா அவரு பாக்கறாருன்னு அர்த்தமுங்களா?"

இல்லை. அது இருட்டானதும் தானாக எரியும் அகச்சிவப்பு விளக்கு. யாரும் பார்க்காவிட்டாலும் எரியும். பகலில் எரியாதபோதும் அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்க்கப்படுகிறவருக்குத் தெரிய எந்த அடையாளமும் பெரும்பாலான கேமராக்களில் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தம் வரைந்த சிறைச்சாலையின் அடிப்படையே இதுதான். நடுவே ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் காவலர் இருக்கிறாரா இல்லையா என்று கைதிக்குத் தெரியக்கூடாது. தெரியாததால் அவன் எப்போதும் அடங்கியே இருப்பான். அந்தப் பெண் அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து, இரவில் தண்ணீர் குடிக்கக்கூடச் சமையலறைக்குப் போகாமல் சொம்பை அறையிலேயே வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தாள்.

கணவனும் முதலாளியும் மட்டும்தான் பார்ப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்க மூன்று வழிகள் உண்டு. ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிடுவது முதல் வழி. இதில் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டலாம். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, கேமரா நிறுவனத்தின் சர்வர் வழியாகப் பார்ப்பது இரண்டாவது. இது எளிது, அதனால் எல்லோரும் இதையே கேட்கிறார்கள். விபிஎன் போட்டு, நமக்கு மட்டுமான சுரங்கப்பாதை வழியாகப் பார்ப்பது மூன்றாவது. கொஞ்சம் கூடுதல் வேலை, கூடுதல் காசு.

இதில் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்ட் மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பெரும் எண்ணிக்கையில் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. அவற்றை வைத்து அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பல முக்கிய இணையதளங்களை முடக்கினார்கள். டாலஸ் நகரில் வீட்டுப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் டெக்னீஷியன், கேமரா மாட்டப்போன வீடுகளின் கணக்கில் தன் மின்னஞ்சலையும் சேர்த்துக்கொண்டான். நான்கரை வருடங்களில் சுமார் 200 வீடுகளை 9,600 முறைக்கு மேல் எட்டிப் பார்த்தான். எந்த வீடுகளில் அழகான பெண்கள் இருக்கிறார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு பார்த்ததாக 2021இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். கேமரா நிறுவனமான ரிங்கின் ஊழியர் ஒருவர் 2017இல் பெண்களின் படுக்கையறை, குளியலறைக் காட்சிகளை ஆயிரக்கணக்கில் பார்த்ததை 2023இல் அமெரிக்க வணிக ஆணையம் வெளிப்படுத்தியது. இவை தூரத்துக் கதைகள் என்றால், 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட். ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்கள் பரிசோதிக்கப்படும் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளிவந்தன, காசுக்கு விற்கப்பட்டன. பரிசோதனை அறைக்குள் கேமரா எதற்கு என்று ஒருவர் வடிவமைக்கும்போதே கேட்டிருந்தால், ஹேக்கருக்குத் திருட அங்கே ஒன்றுமே இருந்திருக்காது. பாஸ்வேர்ட் இரண்டாவது பூட்டுதான். கேமரா இல்லாமல் இருப்பதே முதல் பூட்டு.

அப்படியானால் கேமராவே வேண்டாம் என்கிறாயா என்று தோழிகள் கேட்பார்கள். இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்களை நோக்கித் திரும்பும்போது அது என்ன செய்யும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அதைச் செய்யவிடாமல் எப்படித் தடுப்பார்கள் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதை செய்யப்பட்ட இரவின் பதிவு கிடைக்கவில்லை. விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட், ஹார்ட் டிஸ்கில் போதிய இடம் இருந்தும் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். கேமரா மறந்த இரவைப் பற்றி வாய்திறந்து சொன்னவர், அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எத்தனை நாள் என்ற ஓர் எண்ணில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். தாழ்வாரத்தில் நடக்கும் பெண்ணுக்கு அந்த எண் பூஜ்யமாக இருக்கவேண்டும். லாக்கப்பில் இருப்பவருக்கு 18 மாதமாக இருக்கவேண்டும்.

மில்லுக்கு நான் கொடுத்த வரைபடத்தில் விடுதிக்குள் கேமரா இல்லை. பாதைக்கு முதலில் ஏழு விளக்குகள், பிறகு நான்கு கேமராக்கள். விடுதி வாசலில் ஒன்று, வெளியே பார்த்தபடி. லாரி நிறுத்தத்துக்கு இரண்டு. வேனுக்குள் ஒன்று. சூப்பர்வைசர் அறைக்குக் கேமரா வேண்டாம், சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடுங்கள் என்று எழுதினேன். மைக் எங்கும் கிடையாது. முதலாளி போனில் கேட், குடோன், மெஷின் ஹால் மட்டும். விடுதிப் பக்கத்துப் பதிவுகளுக்குத் தனி ரெக்கார்டர். அது இணையத்தோடு இணைக்கப்படாது. பூட்டிய பெட்டியில் விடுதியிலேயே இருக்கும். பதிவைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவர் உள்ளகக் குழுவில் இருக்கும் பெண் தொழிலாளி. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களுக்காக இருக்கவேண்டிய குழு அது. யார், எப்போது, எதற்காகத் திறந்தார்கள் என்று எழுத ஒரு நோட்டு.

முதலாளி சண்டை போட்டார். "எம்பட எடத்தை நான் பாக்க இன்னொருத்தர்கிட்டக் கேக்கணுமா?" என்றார். மகன், எல்லாவற்றுக்கும் மேலான அட்மின் கணக்கு தனக்கு வேண்டும் என்றார். தனியிடத்தில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் 2013 முதல் குற்றம் என்பதையும், அந்த நடையில் மாட்டும் கேமரா அந்தச் சட்டத்தின் வாசலில் நிற்கிறது என்பதையும், தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னதையும் எடுத்துச் சொன்னேன். வெளிநாட்டு ஆர்டர் கொடுக்கிறவர்கள் ஆடிட் வரும்போது குளியலறைப் பக்கம் கேமராவைப் பார்த்தால் என்ன ஆகும் என்றும் சொன்னேன். உண்மையைச் சொல்வதென்றால், அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. குளியலறைக் கேமராவும் மைக்கும் போயின. மாடிப்படியில் ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அறைக் கதவுகள் தெரியும் பகுதியை மறைத்து, படிக்கட்டு மட்டும் தெரியும்படி அமைத்துக் கொடுத்தேன். கண்ணாடி அறை வரவே இல்லை.

எட்டு மாதம் கழித்து ரெக்கார்டரை முதன்முதலாகத் திறக்கச் சொல்லி வந்தவர் மேனேஜர். பாதையில் யாரையும் யாரும் தொந்தரவு செய்ததற்காக அல்ல. ஒரு பெண் கேட்டுக்கு வெளியே ஒரு பையனோடு பேசினாளாம். அவள் யார், அவன் எந்த ஊர், எந்த ஆட்கள் என்று தெரியவேண்டுமாம். கொங்கு மண்ணில் 'எந்த ஆட்கள்' என்றால் என்ன கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதில் எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். குழுவில் இருந்த பெண் சாவியைத் தரவில்லை. காரணம் என்ன என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். மேனேஜர் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார்.

அடுத்த வருடம் பராமரிப்பு ஒப்பந்தம் என்னைவிடக் குறைவாகக் கேட்டவருக்குப் போனது. அந்தப் பெண் போன் செய்தாள். "அக்கா, புதுசா வந்தவங்க பெட்டியை மேனேஜர் ரூமுக்கு மாத்தணும்ங்கறாங்க. குழுல எல்லாரும் ஒக்காந்து பேசி, முடியாதுன்னு எழுதிக் குடுத்துருக்கோம். நோட்டு எங்ககிட்டதான் இருக்கு."

இதைப் படிக்கும் மாணவிகளில் பலர் விடுதியில் இருப்பீர்கள். உங்கள் தலைக்கு மேலும் ஒன்று இருக்கும். அது எதைப் பார்க்கிறது என்று கேளுங்கள். யார் யார் போனில் தெரிகிறது, அதில் மைக் இருக்கிறதா, எத்தனை நாள் பதிவு இருக்கும், மாட்டியவர் தன் கணக்கை எடுத்துவிட்டாரா, தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றினார்களா, திறந்து பார்த்தால் எங்காவது எழுதுகிறார்களா என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். உங்களுக்குப் பயமான இடங்களின் பட்டியலையும் கூடவே கொடுங்கள். விளக்கு இல்லாத பாதையையும் கதவு மூடிய அறையையும் அதில் எழுதுங்கள். பொறியியல் படிக்கிறவர்கள் இந்தத் துறைக்கும் வாருங்கள். இடம் பார்க்கப் பையனை அனுப்பச் சொல்வார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள்.